வலை கிழியும் இடங்கள்

எனக்கு அந்த ஊரைத் தெரியாது.
பிறந்தது வாடிப்பட்டிப் பக்கம்,
அதுவும் அணை கட்டிய பிறகு.
ஆனாலும் புளிச்சியூர்த் தெருக்களை
வலை சொல்லிச் சொல்லித் தெரிந்துவைத்திருக்கிறேன்.

மதகுக்கு மேற்கே நாற்பது துடுப்பு போட்டால்
ஒரு கிழிசல். அது கிணற்றுச் சுவர்.
அங்கிருந்து கரட்டைப் பார்த்துப் பத்து துடுப்பு:
உரலோ ஆட்டுக்கல்லோ, உருண்டையாய் ஒன்று,
நூலை அறுக்காது, பிடித்து மட்டும் வைக்கும்,
கடன் கொடுத்தவன் சட்டையைப் பிடிப்பது மாதிரி.
பள்ளிக்கூடம்தான் மோசம்.
போன ஐப்பசியில் புது வலை
முழுசாய் அதற்குள் போய்விட்டது.
குத்தகைக்காரர் சீனி ராவுத்தர்
என் கணக்கில் செலவு எழுதினார்:
'பள்ளிக்கூட பீஸ்.'

ஜிலேபிக் கெண்டைக்கு எல்லா வழியும் தெரியும்.
வாசலில் நுழைந்து சன்னலில் வெளியேறும்.
யாரும் ஏனென்று கேட்பதில்லை.

சித்திரையில் தண்ணீர் இருபத்திரண்டு அடிக்கு இறங்கியிருந்தபோது
செவனம்மாள் என்று ஒரு அம்மா வந்தார்.
மஞ்சள் பை, அதற்குள்
ரப்பர் பேண்டு போட்ட காகிதக் கட்டு.
ஊர் காலனிக்குப் போய்,
காலனி பாதி திருப்பூருக்குப் போய்,
வழக்கு மட்டும் மதுரைக் கோர்ட்டிலேயே தங்கிவிட்டது.
போட்டவர் மாமனார். அவர் செத்து,
வீட்டுக்காரர் நடந்து, அவரும் செத்து,
வாய்தாவுக்கு இப்போது இவர்.

'எங்க வீட்டத் தொழுவம்னு எழுதிப்புட்டாய்ங்க தம்பி.
கூரை கீத்துதான். செவரு மண்ணுதான்.
அதுக்காக?'

வீட்டுக்கு ஒரு ரேட்டு, தொழுவத்துக்கு ஒரு ரேட்டு.
மூன்றில் ஒரு பங்குதான் வந்ததாம்.
'துட்டு கெடக்கட்டும்.
நானும் அந்த மனுசனும் ஏழு மாசம் குடும்பம் நடத்துன எடம்.
மாடுக இருந்துச்சுன்னு சர்க்கார் ஏட்டுல இருக்கு.'

பரிசலில் ஏற்றினேன்.
விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.
தண்ணீரைப் பார்க்கவில்லை. கரட்டைப் பார்த்தார்,
கரட்டின் மொட்டைப் பாறையைப் பார்த்தார்,
'இன்னுங் கொஞ்சம் தெக்க' என்றார்,
'போதும்' என்றார்.

அந்த இடம் எனக்குத் தெரியும்.
அதற்கு நான் வைத்திருந்த பேர் கடிநாய்.
சொன்னேன்.
'நாங்க நாயி வளக்கலையே' என்றார்.

வலையை இறக்கினேன்.
முதல் தடவை சேறு.
இரண்டாம் தடவை ஒரு கட்லா, ரெண்டு கிலோ இருக்கும்.
மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது.
நான் இழுத்தேன், அவரும் இழுத்தார்,
பரிசல் சாய்ந்து பாதித் தண்ணீர் உள்ளே வந்தது,
பிறகு மேலே வந்தது
ஒரு நிலைக்கால்.
வேம்பு. கருப்பாய் ஊறி, பிணம் போலக் கனத்து.
சுவர் கரைந்த பிறகும்
அது மட்டும் நின்றுகொண்டிருந்திருக்கிறது.
இடுப்பு உயரத்தில் துருப்பிடித்த தாழ்ப்பாள்,
உள்பக்கம் போடுவது.

அவர் தாழ்ப்பாளைத் தொடவில்லை.
ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே
என்னைக் கேட்டார்,
'மாடு உள்ள இருந்து தாப்பா போடுமா?'

போடாது என்றேன்.

நிலைக்காலைப் பஸ்ஸில் ஏற்ற விடவில்லை.
வக்கீல் போட்டோ போதும் என்றாராம்,
செல்போனில் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.
அடுத்த வாய்தா ஆடியில்.
கட்லாவுக்கு விலை கேட்டார்.
'எங்க வீட்டுல புடிச்ச மீனுக்கு நானே காசு குடுக்கணுமாக்கும்'
என்று இருபது ரூபாய் குறைத்துத்தான் வாங்கினார்.

மறுநாள் அதே இடத்தில் வலை இறக்கினேன்.
எதுவும் பிடிக்கவில்லை, எங்கும் கிழியவில்லை.
எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் பரிசலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.